ஆத்தா வந்த வளைவு

மனைவி பவானிக்கு நெஞ்சில் வால்வு மாற்றிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே கர்ணன் வேண்டிக்கொண்டான். இவள் பிழைத்து வந்தால் சித்திரையில் வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பேன். கோயிலில் திருவிழாக் கம்பம் நட்ட நாளிலிருந்து தினமும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டேன். பவானி பிழைத்தாள். இனி அவன் முறை.

கர்ணனுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் தீச்சட்டிக்குச் சரியென்ற பவானி, பட்டினிக்கு மட்டும் ஒப்பவில்லை. காலையில் மாத்திரையைக் கொடுத்து அவன் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் இட்லி டப்பாவைக் கையில் தருவாள்.

"மாத்திரை போட்டா வயித்துல ஏதாச்சும் விழணும்னு டாக்டர் சொல்லியிருக்காக. மறந்துறாதீக."

அவன் தலையாட்டிவிட்டு வருவான். டப்பா, அவன் ஜீப்பில் வரும் வேல்விழிக்குப் போய்விடும்.

காமயகவுண்டன்பட்டிப் பெண்களை ஜீப்பில் ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவது அவன் பிழைப்பு. காலேஜ் முடித்துவிட்டு அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே காய் பறிக்கப் போகும் வேல்விழி, விடிந்ததும் வெறும் வயிற்றோடு ஓடிவந்து ஏறுகிறவள்.

விரதத்தின் முதல் நாட்களில் கர்ணனுக்குத் தலை வலித்தது; எரிச்சல் வந்தது. பிறகு ஒருநாள் பசி அடங்கியது. உடம்பு பஞ்சாகிவிட்டது. இன்ஜின் சத்தத்துக்குள் தனித்தனிச் சத்தங்கள் கேட்டன. வாய் திறந்தால் கெட்ட வார்த்தை பேசுகிறவன், குறுக்கே வந்த லாரிக்காரனைப் பார்த்துச் சிரித்தான். தனக்குள் யாரோ வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"மாமா, ஒங்க மொகத்துல ஒரு தெளிவு தெரியுது" என்றாள் வேல்விழி.

முன்சீட்டில் இருந்த மூக்கம்மாள் அவன் கையைப் பார்த்தாள். "தெளிவு கெடக்கட்டும். கை ஏன் நடுங்குது?"

"அது ஆத்தா எறங்குறது, மதினி" என்றான் கர்ணன்.

மறுநாள் மலையேறும்போது முதுகு தெப்பமாக நனைந்தது. காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தும் வேர்வை நிற்கவில்லை. கொண்டை ஊசி வளைவில், பள்ளத்தை ஒட்டி, மஞ்சள் சேலையோடு ஒருத்தி நின்றாள். கையில் வேப்பிலை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினான்.

"ஏலே!"

மூக்கம்மாள் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து மலைப்பக்கம் ஒடித்தாள். ஜீப் ரோட்டோர ஓடைக்குள் இறங்கிப் பாறையில் மோதி நின்றது. பின்னால் தொற்றிக்கொண்டிருந்த வேல்விழி ரோட்டில் போய் விழுந்தாள்.

மூக்கம்மாளின் புருஷனுக்கும் சர்க்கரைதான். சர்க்கரை இறங்கினால் வரும் அந்த வேர்வையை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். தூக்குவாளியிலிருந்த கருப்பட்டிக் காப்பியைக் கர்ணனின் வாயருகே கொண்டுபோனாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"பொழுது சாயல... விரதம்..."

"விரதமாம் விரதம்! பிடிங்கடி இவன!"

பெண்கள் தலையைப் பிடித்துக்கொள்ள, அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். காப்பி இறங்க இறங்க, மஞ்சள் சேலை மங்கியது. கடைசியில் அந்த இடத்தில் பெயிண்ட் அடித்த தடுப்புக்கல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதன் பிறகே பின்னாலிருந்து வந்த அலறல் அவன் காதில் விழுந்தது.

வேல்விழிக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்தார்கள். பரீட்சை எழுத முடியாமல் போயிற்று. பார்க்கப் போனவனிடம் அவள் கோபப்படவில்லை.

"தெனமும் ஒங்க இட்லியத்தான மாமா தின்னேன். நீங்க திங்கலைன்னு தெரிஞ்சேதான் தின்னேன்" என்று அழுதாள்.

வீட்டில் பவானி சத்தம் போடவில்லை. சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என் உசுருக்குப் பதிலா ஊராம்பிள்ளை உசுரையா கேட்டா அந்த ஆத்தா?"

"அவ எங்க கேட்டா..."

"அதத்தான் சொல்றேன். நீங்களா தூக்கிக் குடுக்கப் பாத்தீக."

திருவிழாவில் கர்ணன் தீச்சட்டி எடுத்தான், காலையிலேயே சாப்பிட்டுவிட்டு. வேப்பிலையை மீறி உள்ளங்கை சுட்டது. கால் வலித்தது. வெயில் வெயிலாகவே இருந்தது. சுற்றிலும் கொட்டு அதிர, அருள் வந்தவர்கள் ஆடிக்கொண்டு போனார்கள். அவனுக்குள் யாரும் வரவில்லை.

திரும்பும்போது டவுன்பஸ்ஸில் பவானியிடம் மெதுவாகச் சொன்னான்: "இன்னொரு தடவை அப்படிப் பட்டினி இருந்து பாக்கணும்போல இருக்கு. வண்டியத் தொடாம. மாத்திரையும் போடாம."

பவானி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க பட்டினி கெடந்தது எனக்காக இல்ல."