அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்தது

"உம்மா, மலக்குமார் போட்டோவுல விழுவாங்களா?"

அமானி முன்பொரு நாள் இப்படிக் கேட்டாள். கணினியில் திறந்திருந்த படத்தில் வெள்ளை வட்டங்கள் மிதந்தன. அவை வானவர்கள் இல்லை, வெறும் தூசி என்று நிஸ்மியா விளக்கினாள். சின்னக் கமராவில் ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், முன்னால் பறக்கும் தூசி வெளிச்சம் பட்டு வட்டமாக விழும்.

"அப்ப மலக்குமார் எங்க?"

"அவங்க நம்மளப் பாத்துக்கிட்டு இருப்பாங்க மகள். நமக்குத்தான் அவங்களப் பாக்கேலாது."

பாலாவியில் தன் வீட்டு முன்னறையில் பெண்களின் படங்களைத் திருத்திக் கொடுப்பவள் நிஸ்மியா. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் ஃபோனுக்கு அனுமதியில்லை. படங்கள் ஃபேஸ்புக்கில் போய்விடும் என்ற பயம். சின்னக் கமரா ஒன்றுதான் கைமாறும். அது பிறகு நிஸ்மியாவிடம் வரும். வேலை முடிந்ததும் அவள் ஒரு படத்தையும் தன்னிடம் வைத்துக்கொள்ளமாட்டாள்.

இந்த முறை கமராவோடு வந்தவள் பளீலா. மகள் அஸ்ரியாவின் கல்யாணம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"எல்லாம் பனிமூட்டமா இருக்கு புள்ள. கமரா பழுதாப் போச்சா?"

நிஸ்மியா லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நடுவில் நெய்ப் பளபளப்போடு ஒரு விரல் அடையாளம்.

"பழுதில்ல ராத்தா. புரியாணி கையோட யாரோ புடிச்சிருக்காங்க."

"என்ட மதினிதான். சாப்பாட்டையும் விடமாட்டா, கமராவையும் விடமாட்டா."

"தேதியப் பாருங்க, ரெண்டாயிரத்தி எட்டு. சார்ஜ் இல்லாமக் கிடந்தா தேதி பழசுக்குப் போயிடும்."

"அல்லாஹ்வே! அப்ப அஸ்ரியா பல்லு விழுந்த புள்ள தானே!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு பளீலா குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல டீவில போட்டுப் பாக்கப் போறாங்க. மாப்பிள்ளை நல்ல புள்ள, சீதனம் ஒண்டும் கேக்கல்ல. அவர்ட கூடப்பொறந்த ராத்தாமார்ட வாய்க்குத்தான் பயம். குறை தெரியாமச் செஞ்சு தா."

அவள் போனபின் நிஸ்மியா ஒவ்வொரு படமாகப் பனியை நீக்கி, ஆரஞ்சு நிறத் தேதியை அழித்தாள். தெளிவாக விழுந்திருந்தது ஒரே படம். சாப்பாட்டுக்கு முன் எடுத்தது. தாயும் மகளும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அதைப் பெரிதாக்கினாள். பின்னாலிருந்த அலுமாரிக் கண்ணாடியில் கட்டில் தெரிந்தது. கட்டிலில், இலக்கச் சீட்டுத் தொங்க, திறந்த சிவப்பு வெல்வெட் பெட்டி. மணப்பெண் நகையை வாடகைக்குக் கொடுக்கும் இடத்துப் பெட்டி அது. பெண்கள் கண்டதும் சொல்லிவிடுவார்கள். கமராவின் சின்னத் திரையில் பளீலாவுக்கு அது தெரிந்திராது.

நிஸ்மியாவின் கை தன் கழுத்துக்குப் போனது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து குடிசையில் இருந்த குடும்பம் அவளுடையது. அவள் கல்யாணத்தன்று உடுத்திவிட வந்த பளீலா, தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். சனம் கலைந்த பிறகுதான் திருப்பி வாங்கிக்கொண்டாள். இன்றுவரை அந்தக் கதை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

படத்தின் ஓரத்தை வெட்டினால் தாயின் தோளும் போய்விடும். ஆகவே கட்டில் விரிப்பின் பூக்களைப் பக்கத்திலிருந்து எடுத்து, பெட்டியின் மேல் சிறிது சிறிதாக விரித்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அங்கே வெறும் கட்டில்தான் இருந்தது. கமராவின் மெமரி கார்டிலிருந்த பழைய படத்தை அழித்துப் புதியதை வைத்தாள். தன் கணினியிலிருந்தும் எல்லாவற்றையும் அழித்தாள்.

அமானி குர்ஆன் ஓதப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. கமராவை மூடுமுன் அந்தப் படத்தை இன்னொருமுறை பார்த்தாள். மேல் மூலையில் ஒரு வெள்ளை வட்டம் மிச்சமிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, தொழுகைக்கு எழுந்தாள்.