தள்ளிப்போன வைவா

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது ஆன இலையுதிர் காலத்தில் வளாகம் முழுக்கச் சிவப்புத் துணி கட்டினார்கள். பழைய மாணவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அதில் ஒரு குடை, ஒரு கோப்பை, செங்கல் கனத்துக்கு ஒரு பல்கலைக்கழக வரலாறு. குடை முதல் மழையிலேயே ஒழுகியது. கோப்பையைக் குறை சொல்ல முடியாது. வரலாற்றைத்தான் என் தோழி மூ பெய்ஹுவாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விழாவுக்காக மலை மாவட்டத்திலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருந்தாள். விடுதியில் நானும் அவளும் ஒரே இரட்டைக் கட்டில். அவள் மேலே, நான் கீழே. இப்போது இருவருக்குமே கீழ்க்கட்டில்தான் தேவைப்படுகிறது. அன்று காலை மாட்டிறைச்சி நூடுல்ஸை அப்படியே ஊறவிட்டுவிட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அரைப் பக்கம்டி," என்றாள் திடீரென்று.

"எது?"

"நாம படிச்ச காலம். மொத்தமா அரைப் பக்கம். அதுலயும் பாதிக்குக் கொடிக்கம்பம் போட்டோ."

வாங்கிப் பார்த்தேன். ஆளுநர் ஒருவர் தானியக் கிடங்கில் குமாஸ்தாக்களுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு இருபது பக்கம். கிழக்கே ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, நுண்ணோக்கிகளைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு ஓடிவந்த பேராசிரியர்களுக்கு முப்பது பக்கம். அது நியாயம்தான். ஐம்பத்திரண்டில் ஒரே உத்தரவில் மருத்துவத் துறையைப் பிய்த்து வெளியே கொடுத்ததும், அரை நூற்றாண்டு கழித்து அதையே கைதட்டித் திரும்பச் சேர்த்துக்கொண்டதும் தனித்தனி அத்தியாயம். மலைக்கு அப்பால் காற்றைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் கட்டிய புது வளாகத்துக்கு வண்ணப்படங்கள். உலகத் தரவரிசைக்கு ஒரு முழு அத்தியாயம். வரிசையில் ஒரு படி ஏறினால் எங்கள் ஆட்கள் பட்டாசு வெடிப்பார்கள். இறங்கினால் வரிசை போட்டவனுக்குக் கணக்குத் தெரியாது என்பார்கள்.

எங்கள் வருடத்துக்கு ஒரே ஒரு வரி: 'அறுபத்தாறில் கல்விப்பணி சிறிது தடைபட்டது.'

அந்தச் 'சிறிது' என்ன என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடம் படித்து முடித்து, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, ஜூனில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருந்தோம். புரட்சி என்று சொல்லி, சுவரெல்லாம் ஆசிரியர்களைத் தூற்றும் சுவரொட்டி முளைத்தது. எங்களைக் கேள்வி கேட்க வேண்டிய பேராசிரியர்கள் மேடையில் தலைகுனிந்து நின்றார்கள். எங்கள் வழிகாட்டி யென் சார் கக்கூஸ் கழுவினார். அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பட்டத்தைக் கையில் திணித்து லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பரிமாறாமலே கைகழுவச் சொன்ன மாதிரி இருந்தது. பெய்ஹுவா மலைப் பள்ளி ஒன்றில் பூகோளம் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றாள். நான் பன்றிப் பண்ணைக்குப் போய், பிறகு இங்கேயே திரும்பி வந்து, துறைக்கு வரைபடம் வரைந்து காலத்தை ஓட்டினேன்.

"விடுடி, போனது போச்சு," என்றேன்.

"எது போச்சு? என் ஏடு என்கிட்ட இருக்கு. யாரும் கேள்வி கேட்கல. அவ்வளவுதான் பாக்கி." புத்தகத்தை மூடினாள். "கேட்கச் சொல்லப் போறேன்."

எண்ணெய்த் துணியில் சுற்றி, கரிமூட்டைக்கு அடியில் வைத்து, அத்தனை வருடம் காப்பாற்றிய நகல். பையில் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். பைத்தியம் என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

துறைத்தலைவர் ஹோவ் நல்ல மனிதர். யார் வந்தாலும் பேரீச்சையும் கற்கண்டும் போட்ட மூடிக் கிண்ணத் தேநீரை நீட்டிவிடுவார். குடித்து முடிப்பதற்குள் வந்த காரியம் மறந்துபோகும். பெய்ஹுவா கிண்ணத்தைத் தொடவில்லை.

"பட்டம் உங்ககிட்ட இருக்குல்ல, டீச்சர்?"

"இருக்கு தம்பி. எதுக்குக் கொடுத்தீங்கன்னுதான் தெரியல."

"உங்க வகுப்புக்குன்னே விழாவுல கௌரவச் சான்றிதழ் தர்றோம். சிவப்பு வெல்வெட் உறை. பல்கலைக்கழகத் தலைவரே கையெழுத்துப் போட்டது."

"நான் கௌரவம் கேட்டு வரல. கேள்வி கேளுங்கன்னு வந்திருக்கேன். அஞ்சு பேரை உட்கார வைங்க. என் ஏட்டைப் படிக்கட்டும். கேட்கட்டும். மத்த பிள்ளைங்களுக்குச் செய்யறதுதானே?"

"விதியில இடமில்லையே, டீச்சர்."

"வைவா இல்லாம பட்டம் கொடுக்க மட்டும் எந்த விதியில இடம் இருந்துச்சு?"

ஹோவ் என்னைப் பார்த்தார், காப்பாற்றுங்கள் என்பது போல. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து பெய்ஹுவா அவர் அறை வாசலில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்தாள். சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாக நொறுக்கித் தோலைக் கைக்குட்டையில் போட்டாள். வருகிற போகிற மாணவர்களெல்லாம் யாரென்று விசாரித்தார்கள். "நானும் ஸ்டூடண்ட்தான், வைவாவுக்காகக் காத்திருக்கேன்," என்று பதில் சொன்னாள். ஒரு பையன் சிரித்துவிட்டு, எந்த வருடம் என்று கேட்டான். சொன்னதும் சிரிப்பு நின்றது.

கடைசியில் இறங்கி வந்தது ஹோவ் இல்லை, விளம்பரப் பிரிவு. எழுபத்தைந்து வயதுப் பாட்டி வைவாவுக்கு வருகிறாள் என்று ஒரு காணொளி எடுத்தால் நாடே பார்க்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஹோவ் பல்லெல்லாம் தெரிய வந்து தேதி சொன்னார்.

"நாடகம் போடுறாங்கடி, கேமரா வைக்கப் போறாங்க," என்று எச்சரித்தேன்.

"அவங்க நாடகம் போடட்டும். நான் பரீட்சைக்கு உட்கார்றேன்."

பழைய விரிவுரைக்கூடம். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், முன்னால் பெயர்ப்பலகைகள். உயிரோடிருக்கும் எங்கள் வகுப்பாட்கள் முன்வரிசையில். உள்ளே நுழையும்போதே எங்கள் கையில் ஆளுக்கொரு வெல்வெட் உறையைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். கேமரா மூலையில் நின்றது.

பெய்ஹுவா கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாள். ஆற்றுக்கு மேலே மேட்டு நிலம். அறுபதுகளில் அங்கே மக்களைக் குடியேற்றி, ஆற்றுநீரை இயந்திரம் வைத்து மேலே ஏற்றினார்கள். காலங்காலமாகக் காய்ந்து கிடந்த மஞ்சள் மண் நனைந்தால் அமுங்கும், விளிம்பு சரியும். கால்வாயை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டினால் கீழே உள்ள ஊர் பிழைக்கும் என்பதுதான் அவள் ஏடு.

முதல் தேர்வாளர் தொண்டையைச் செருமினார். "இந்த வயசுலயும் உங்க ஆர்வத்தைப் பார்த்தா எங்களுக்கெல்லாம் உற்சாகமா இருக்கு. இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?"

"மண்ணைப் பத்திக் கேளுங்க."

இரண்டாமவர், "அந்தக் காலத்துல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க..." என்று இழுத்தார்.

பெய்ஹுவா துடைப்பானை மேசையில் ஓங்கி அடித்தாள். சுண்ணாம்புத்தூள் எழுந்து அவர் தேநீரில் விழுந்தது. "உங்கள்ல யாராச்சும் என் ஏட்டைப் படிச்சீங்களா?"

ஹோவ் கேமராவை நிறுத்தச் சொல்லிக் கையாட்டினார். கேமராக்காரன் கவனிக்கவில்லை.

"நான் படிச்சேன்," என்றாள் மேசைக் கடைசியிலிருந்த பெண். தாவ் மின். மண்சரிவுகளைப் பற்றி ஆராய்பவள், துறையிலேயே இளையவள், யாருக்கும் வணக்கம் சொல்லத் தெரியாதவள் என்று பெயர். அவள் கையிலிருந்த நகலில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"நீங்க சோதிச்ச மண்கட்டிங்க ஒரே அளவுல நனையல. சராசரியை எப்படி எடுத்தீங்க?"

பெய்ஹுவா பலகைப் பக்கம் திரும்பினாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். தாவ் மின் எழுந்து வந்து ஒரு வரியைச் சுட்டி மறுத்தாள். பெய்ஹுவா அந்த வரியை விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் எங்களை மறந்தே போனார்கள். "சரி, ஒத்துக்கறேன்," என்றாள் கடைசியில் தாவ் மின். என் தோழியின் முகம் இருபத்துமூன்று வயதில் எப்படி இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எல்லா மண்கட்டியும் தெற்குச் சரிவுலேருந்தே எடுத்திருக்கீங்க. வடக்குப் பக்கம் ஏன் போகல?"

பெய்ஹுவா தயங்கினாள். என்னைப் பார்த்தாள். அன்று அவள் சரிவில் இறங்கி மண் எடுக்கும்போது மேலே கயிறு பிடித்தவள் நான்தானே.

"அந்தப் பக்கம் ஆட்டுக்காரனோட நாய் ரெண்டு இருந்துச்சு."

கூடமே சிரித்தது. கேமராவைப் பார்த்தபடி ஹோவ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தாவ் மின் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நாய்க்குப் பயந்து ஒரு பக்கம்தான் எடுத்தேன்னு ஏட்டுல எழுதியிருக்கணும்."

"எழுதியிருக்கணும்."

"கால்வாய்த் தண்ணி மண்ணுக்குள்ள இறங்குதுன்னு சொல்றீங்க. இறங்கி எங்கே போகுது?"

"கீழே."

"கீழே என்ன இருக்கு?"

பெய்ஹுவா சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றாள். "களிமண் அடுக்கு," என்றாள் மெல்ல.

"அதைத் தாண்டித் தண்ணி போகுமா?"

"போகாது. தேங்கும்."

"தேங்கினா அடிமண் கூழாகும். மண்சரிவு மேலேருந்து தொடங்காது, அடியிலேருந்து கிளம்பும். கால்வாயைத் தள்ளி வெட்டினா போதும்னு உங்க கடைசிப் பக்கம் சொல்லுது. போதுமா?"

"போதாது."

"அப்பவே உங்களுக்கு இது தெரிஞ்சிருக்க முடியுமா?"

"அந்த அடுக்கு ஆத்தங்கரையிலேயே கண்ணுக்குத் தெரியும். தினம் அதைத் தாண்டித்தான் மேலே ஏறினேன். நான்தான் பார்க்கல."

எழுந்துபோய் அந்தப் பெண்ணை ஓர் அறை விடலாம் என்று எனக்கு வந்தது. ஒரு கிழவியை இத்தனை பேர் முன்னால் இப்படியா உரிப்பது?

ஐவரும் கலந்துபேச எங்களை வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் பெய்ஹுவா சுவரோரமாக உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"அவ கிடக்கிறா, திமிர் பிடிச்சவ," என்றேன்.

"வாயை மூடு. யென் சாரும் இதைத்தான் கேட்டிருப்பாரு." ஒரு மிடறு குடித்தாள். "ஜூன்ல ஒருத்தர் கேட்டிருந்தா ஜூலையில திருத்தியிருப்பேன்டி. அவ்வளவு சின்ன விஷயம்."

விடுதியில், வீட்டில், புருஷன் செத்த அன்றுகூட நான் பார்க்காத கண்ணீர் அது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் இப்போது தாவ் மின் மேல் இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். ஹோவ் மைக்கைப் பிடித்தார். "குழு ஒருமனதா முடிவு செஞ்சிருக்கு. மூ பெய்ஹுவா டீச்சர், மிகச் சிறப்பு!"

கைதட்டல். சிவப்பு உறை நீண்டது. பெய்ஹுவா அதை வாங்கவில்லை. மேசையின் கடைசிக்கு நடந்தாள்.

"பொண்ணு, நீ என்ன போட்டே?"

தாவ் மின் ஹோவைப் பார்த்தாள். ஹோவ் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் எழுந்து நின்றாள். "தேறலன்னு போட்டேன். திருத்திக்கிட்டு மறுபடி வரணும்."

"அப்ப ஒருமனதா எங்கேருந்து வந்துச்சு, தம்பி?"

"டீச்சர், இன்னைக்கு விழா..." ஹோவின் நெற்றி வியர்த்தது. "உங்க வயசுக்கு ஒரு மரியாதைக்காக..."

"வயசுக்குக் கொடுக்கிற மார்க்கை என் பேரனோட பிறந்தநாள் கேக்குல எழுதிக்கிறேன். இந்தக் கட்டடத்துல எனக்கு ஏட்டுக்கான மார்க் வேணும்." தாவ் மின் பக்கம் திரும்பினாள். "திருத்த எவ்வளவு காலம் தருவே?"

"மத்தவங்களுக்கு ஆறு மாசம்."

"அப்ப எனக்கும் அதுதான். ஒரு நாள் கூடக் குறையக் கூடாது. தம்பி, அதை மைக்குல சொல்லு."

ஹோவ் சொல்லவில்லை. தாவ் மின் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "அறுபத்தாறாம் வருஷ வகுப்பு, மூ பெய்ஹுவா. தேறல. ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும்."

கூடத்தில் யாருக்கும் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெய்ஹுவா நிமிர்ந்து நின்றாள், பரிசு வாங்கியவள் போல.

என் மடியில் அந்த வெல்வெட் கனத்தது. சொல்லிவிடுகிறேன், பெய்ஹுவாவின் ஏட்டுக்கு அட்டை போடக்கூட என் ஏடு உதவியிருக்காது. கேள்வி கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் கிழிந்திருக்கும். அத்தனை வருடம் அதைக் கேட்க ஆளில்லாமல் போனது என் அதிர்ஷ்டம் என்றே சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். எழுந்தேன். முழங்கால் மடக்கென்றது. உறையைக் கொண்டுபோய் ஹோவின் முன்னால் வைத்தேன். எனக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்டது, கைத்தடிகளும் கூட. மேசை மேல் சிவப்பு உறைகள் குவிந்தன.

"தௌ டீச்சர், நீங்களுமா?" என்று ஹோவ் என்னிடம் அழாக்குறையாகக் கேட்டார்.

"எனக்கும் வைவா வேணும்."

தாவ் மின் பென்சிலை எடுத்தாள். "உங்க ஏடு எங்கே?"

"இல்ல. அறுபத்தாறுல காகித ஆலைக்குப் போயிடுச்சு."

"அப்ப எழுதிட்டு வாங்க. இப்படியே வந்தா உங்களையும் தேறலன்னுதான் போடுவேன்."

அந்தக் கட்டடத்தில் என்னிடம் யாரும் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை.