மீதி முப்பத்தொன்று

காயெத்தானின் இதயத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் போட்ட விலை, ஒரு தடவைக்கு நாற்பது டாலர். அதோடு வண்டி நிறுத்தின காசும், வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்ததற்காக மருத்துவமனை உணவகத்தில் ஒரு காலை உணவுச் சீட்டும். பனியில் ஓட்டும் பழைய மோட்டார் வண்டிகளை வாங்கி விற்றே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர், சொன்ன விலைக்குச் சும்மா தலையாட்டுவாரா? ஐம்பத்தைந்து கேட்டார். “இந்த ஊர்லயே அறுபதைத் தொட்ட எங்க குடும்பத்து இதயம் இது ஒண்ணுதான், பாத்துப் போட்டுக் குடுங்க” என்றார். கடைசியில் நாற்பதுக்கே படிந்து, சீட்டை மட்டும் இரண்டாக வாங்கிக்கொண்டார். கூட வந்த தம்பி டானிக்கு ஏற்கெனவே ஒரு சீட்டு உண்டு என்பதை அவர் வாயே திறக்கவில்லை.

அந்த இதயம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு வண்டியின் கயிற்றை இழுத்துக் கிளப்பிக் காட்டும்போது நின்றுபோனது. வாங்க வந்தவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். விலை இன்னும் முடியவில்லை.

இன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்குத் தேவாலயம். எட்டரை மணிக்கு அவருடைய மகள் வலெரி சமையலறை மேசையில், வெண்ணெய் தடவும் கத்தியால் மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாகக் கொழுப்பு ஆராய்ச்சி மையத்தில் அவள் நர்ஸ். அப்பாவின் ஆய்வுப் பதிவுகளை அவள் தொடக்கூடாது என்பது விதி. அவற்றை உடன் வேலை செய்யும் நான்சி பார்த்துக்கொண்டாள். நேற்று நான்சி போனில் இழுத்து இழுத்துப் பேசினாள். “மன்னிச்சுக்கோடி, கேக்கவே நாக்கு கூசுது. ஆனா மீதி மாத்திரையைத் திருப்பி வாங்கி எண்ணணும். உனக்கே தெரியும். பாட்டிலை மட்டும் எடுத்துட்டு வந்துடு, எண்ணறது நான் எண்ணிக்கறேன்.”

எண்ணுவது வலெரியின் வேலையில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை.

முப்பத்தொன்று. கொடுத்தது தொண்ணூறு. செவ்வாய்க்கிழமையோடு ஐம்பத்தொன்பது நாள். ஒரு மாத்திரை கூடவில்லை, குறையவில்லை. வண்டி ஓடிய மைல் கணக்கை விரல் நுனியால் திருத்தியவர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய மனிதர், இதில் மட்டும் இவ்வளவு சுத்தம்.

“முடிச்சியா? எனக்கு மேசை வேணும்” என்றாள் அம்மா லூசெட். அவள் கையில் மூன்று ரொட்டிப் பொதிகள். ஓரம் வெட்டி, முட்டை தடவி, கோவில் கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டும்.

“இரும்மா, ஒரு நிமிஷம்.”

மாத்திரைகளைத் திரும்ப பாட்டிலில் போட்டு மூடியைத் திருகும்போதுதான் வலெரி அதில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். 417.

ஆய்வில் சேர்ந்த அன்று அப்பா வீட்டுக்கு வந்து அடித்த ஜோக் அவளுக்கு மறக்காது. “நான் நானூத்திப் பதினாறு. உன் சித்தப்பா நானூத்திப் பதினேழு. பொறந்ததுலருந்து என் பின்னாடியேதான் நிக்கறான், இங்கயும் விடல.”

பதினேழு சித்தப்பாவுடைய எண்.

“அம்மா, இது சித்தப்பாவோட பாட்டில்.”

லூசெட் ரொட்டியின் ஓரத்தை வெட்டினாள். வெட்டின ஓரத்தைத் தட்டில் ஒதுக்கினாள். இன்னொன்றை வெட்டினாள்.

“உனக்குத் தெரியுமா?”

“உங்கப்பா எதை வாங்கினாரு, எதை வித்தாருன்னு என்னைக்கு எங்கிட்ட சொன்னாரு? ரெண்டு வருஷமா, டாக்டரைப் பாக்கப் போறதுக்கு முந்தின நாள் டானி வருவான். கொட்டகைக்குப் போவாங்க. வருவாங்க. நான் கேக்கல.” கத்தியைத் துடைத்தாள். “கேட்டா சொல்லிடுவாரோன்னு கேக்கல.”

வேறு ஏதோ நினைவு வந்தவள் போலச் சொன்னாள். “அந்த வண்டிக்காரன் நேத்து வந்தான். உங்கப்பா சொன்ன விலையை அப்படியே எண்ணி வச்சுட்டுப் போனான். பேரமே பேசல.”

அப்போதுதான், நாலு நாளில் முதல் தடவையாக, அவள் முகம் கோணியது.

*

தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, வலெரிக்கு வழக்கம்போலக் கண்கள்தான் தெரிந்தன. கருவிழியைச் சுற்றி, ரத்தத்தில் கொழுப்பு ஏறியதன் அடையாளமான வெள்ளை வளையம். ஒரு நாற்பது வயதுக்காரனுக்கு, அவனுடைய அக்காவுக்கு, மூன்றாம் வரிசையில் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்திருக்கிறவருக்கு. அவர் விரல் கணுக்களில் மஞ்சள் கட்டிகளும் இருந்தன. முன்னூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்த யாரோ ஒருவர் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்த சொத்து. பிள்ளைக்குப் பிள்ளை சீட்டுக் குலுக்கல்தான், பாதிப் பேருக்கு விழும். வலெரிக்கு விழவில்லை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் விழுந்தது. சித்தப்பாவின் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்கு விழுந்திருக்கிறது. பேர் மையா, ஏழு வயசு. அவள் இப்போது பெஞ்சின் கீழே கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

புதைப்பது மே மாதத்தில். அதுவரை மண் பனியில் உறைந்து கல்லாக இருக்கும், பெட்டி கல்லறைத் தோட்டத்துப் பிண அறையில் காத்திருக்கும். ஆகவே பூசை முடிந்ததும் எல்லோரும் நேரே கீழ்க்கூடத்துக்கு இறங்கினார்கள். முட்டை ரொட்டி, ஊறுகாய், வெல்லமும் பாலேடும் காய்ச்சிய மிட்டாய், கிண்ணம் கிண்ணமாகப் பன்றிக்கொழுப்பு விழுது. இருதயத்தால் செத்தவருக்கு இருதயக்காரர்கள் செய்த மரியாதை.

“எனக்கு ஒரு வண்டி வித்தான் பாரு” என்று தட்டோடு நின்ற கிழவர் ஒருவர் ஆரம்பித்தார். “எறக்கத்துல மட்டுந்தான் ஓடும். திருப்பிக் குடுக்கப் போனா, ‘மேட்டுல வீட்டைக் கட்டினது யார் தப்பு?’ன்னு கேக்கறான்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “அப்புறம்?”

“அப்புறம் என்ன, இன்னொரு வண்டி வாங்கிட்டு வந்தேன்.”

நான்சி வந்து வலெரியைக் கட்டிக்கொண்டாள். காதோரம், “கொண்டு வந்தியா?” என்றாள்.

“திங்கக்கிழமை தர்றேன்.”

“நேத்தே வரணும்னு இருந்துச்சு. சரி விடு, நான் சமாளிச்சுக்கறேன்.”

கூடத்தில் சித்தப்பா இல்லை.

*

டானி, வாசலில் நின்ற அப்பாவின் காருக்குள், ஓட்டுநர் இருக்கையில் இல்லாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சூட்டுக்காக. வலெரி மறுபக்கம் ஏறினாள். இருக்கை அப்பாவின் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. கால் எட்டவில்லை. அவள் அதை நகர்த்தவில்லை.

அலுமினியத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த ஐம்பது வயது மனிதன், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போல உட்கார்ந்திருந்தான்.

“அப்பா அலமாரியில இருந்தது உங்க பாட்டில், சித்தப்பா.”

“தெரியும்.”

“எப்பலருந்து?”

“ரெண்டு வருஷம்.” அவன் பணப்பையைத் திறந்து, மடித்து மடித்து நைந்த ஒரு காகிதத்தைக் கொடுத்தான். இங்கே எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று கியூபெக் நகரம்வரை போய், ஒரு தனியார் லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனை. “ஆளுக்கு எழுபது டாலர். ‘ரெண்டு பேர் வந்திருக்கோம், ஒண்ணுக்குப் போட்டுக் குடு’ன்னு அந்தப் பொண்ணுகிட்ட அரைமணி நேரம் மல்லுக்கு நின்னாரு. ‘இன்ஜினைத் தொறந்து பாக்காம எவனாவது வண்டி வாங்குவானா? எவன் மருந்து திங்கறான், எவன் மாவு திங்கறான்னு தெரிஞ்சுக்க வேணாமா?’ன்னாரு எங்கிட்ட.”

யாருக்குப் புது மருந்து, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்பது சீட்டுப் போட்டு முடிவானது. கொடுக்கிற நர்சுக்கே தெரியாது. ஆய்வு முடிகிற நாளில்தான் பூட்டைத் திறப்பார்கள். அதை எழுபது டாலருக்குத் திறந்து பார்த்திருந்தார் காயெத்தான். காகிதத்தில் அப்பாவின் கெட்ட கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சித்தப்பாவுடையது இம்மி அசையவில்லை.

“வழியில சாப்பிடக்கூட நிறுத்தல. ‘நம்ம அப்பா நாப்பத்தொண்ணுல போனாரு. தாத்தா முப்பத்தெட்டு. நான் அறுபதைத் தாண்டியாச்சு, எனக்கு இனிமே வர்றதெல்லாம் இனாம். உனக்கு ரெண்டு குட்டி இருக்கு. பாட்டிலை மாத்திக்க’ன்னாரு.”

“நீங்க மாத்திக்கிட்டீங்க.”

டானி கண்ணாடி துடைப்பானைப் பார்த்தான். அது பனியை ஒரு முறை ஒதுக்கியது.

“மாட்டேன்னேன். மூணு வாரம் மாட்டேன்னேன். அப்புறம்… அவருகிட்ட பேரம் பேசி எவன் ஜெயிச்சிருக்கான், சொல்லு?” கொஞ்சம் கழித்து, “தினம் காலைல எட்டு மணிக்குப் போன் ஒரு தடவை அடிக்கும். எடுக்கக்கூடாது, காசு போயிரும்பாரு. ஒரு அடின்னா, ‘நான் போட்டாச்சு, நீ போடு’ன்னு அர்த்தம்.”

பிறகு கேட்டான். அவன் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும்.

“அவரே தின்னிருந்தா இருந்திருப்பாரா?”

“பழைய மருந்தெல்லாம் விடாமதானே சாப்பிட்டாரு. ஒரு ஆளை வச்சு எதுவும் சொல்ல முடியாது, சித்தப்பா. ஆயிரத்து இருநூறு பேரைக் கூட்டிப் பாத்தாதான் சொல்ல முடியும்.” ஒன்பது வருஷமாக எத்தனையோ விதவைகளுக்கு அவள் சொன்ன வாக்கியம். பொய்யில்லை. அதைச் சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டானி கோட்டுப் பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தான். 416.

“மாத்திக்கிட்டதை எழுதிடு” என்றான்.

“எழுதினா உங்களுக்கு மருந்து நின்னுடும். எழுதாட்டியும் நின்னுடும். இந்தப் பாட்டில் அப்பா பேர்ல வந்துக்கிட்டிருந்தது. இனிமே வராது. உங்க பேர்ல வர்றது மாவுதான்.”

“தெரியும். நாலு நாளா அதைத்தான் யோசிச்சேன். ஆனா எழுதலேன்னா என்னாகும்? மருந்து தின்ன ஆள் செத்துட்டான்னு ஆகும். மருந்து சரியில்லேன்னு ஆகும். நாளைக்கு மையாவுக்கு வேணும்போது இது கடைக்கே வராமப் போகும்.” அவன் குரல் ஏறியது. “உங்கப்பா ஓட்டை வண்டியை நல்ல வண்டின்னு ஆயிரம் தடவை வித்திருக்காரு. நல்ல வண்டியை ஓட்டைன்னு அவர் பேர்ல எழுத விடமாட்டேன்.”

அவனுக்கு இதை வலெரிதான் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொன்னாலும் அது கொடூரமாகத்தான் இருக்கும்.

“எழுதினாலும் மாறாது, சித்தப்பா. சீட்டு யாருக்கு எதுல விழுந்துச்சோ, கடைசிவரைக்கும் அந்தக் கணக்குதான். அவங்க என்ன முழுங்கினாங்கங்கறது கணக்கில்ல. அப்பா மருந்துக்காரர். மருந்துப் பக்கம் ஒரு சாவு. நீங்க மாவுப் பக்கம், உசுரோட.”

“இது என்ன கணக்கு?”

“இல்லேன்னா ஆளாளுக்கு மாத்திக்கிட்டு, பிடிச்ச மாதிரி திருத்திடுவாங்கன்னு வச்ச கணக்கு. நல்ல கணக்குதான்.”

“அப்ப எதுக்கு எழுதணும்?”

“முடிவு அறிக்கையில, கீழ ஒரு குறிப்பு வரும். சின்ன எழுத்துல.”

டானி தலையை ஆட்டினான். அண்ணனோடு பேசிப் பேசிக் கடைசி விலைக்கு வந்துவிட்டவனைப் போல. “சரி. சின்ன எழுத்துலயாவது வரட்டும்.”

வலெரி பாட்டிலைத் திறந்து, அப்பாவின் வண்டிப் பத்திரங்கள் வைத்த அட்டையின் மேல் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளினாள். முப்பத்தொன்று. இன்னொரு தடவை எண்ணினாள். முப்பத்தொன்றேதான். இருபத்தேழு இருக்க வேண்டும்.

புதன், வியாழன், வெள்ளி, சனி.

“போன் அடிக்கல” என்றான் டானி.

கூடத்துக் கதவு திறந்து யாரோ சிரிக்கிற சத்தம் வந்து, மறுபடி மூடிக்கொண்டது. வலெரி தன் கைப்பையிலிருந்து அப்பாவின் அலமாரியில் எடுத்த பாட்டிலையும் எடுத்து, பக்கத்தில் வைத்தாள். ஒரே அளவு, ஒரே மூடி, ஒரே வெள்ளை மாத்திரை.

டானி 417-ஐக் கையில் எடுத்துப் பார்த்தான். “ஒண்ணு எடுத்துக்கட்டுமா? அவர் ரெண்டு வருஷமா என்னத்தைத் தின்னாருன்னு…”

அவள் தடுக்கவில்லை. அவன் ஒரு மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்து, தண்ணீர் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

*

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மையத்தில் நான்சி படிவங்களை அவள் முன்னால் வைத்தாள். “நீ தொடக்கூடாது, தெரியும். நீ சொல்லு, நான் எழுதறேன்” என்றவள், முதல் குறிப்பைப் பாதி கேட்டதும் பேனாவை வலெரியிடமே கொடுத்துவிட்டுக் காபி எடுக்கப் போனாள். அவள் திரும்பி வரக் கொஞ்சம் அதிக நேரமாயிற்று.

வலெரி அழுத்தமான கையெழுத்தில் எழுதினாள்.

பதிவு எண் 416. கொடுத்தது தொண்ணூறு. திரும்பியது முப்பத்தொன்று. உட்கொண்டது ஐம்பத்தொன்பது. உட்கொண்டவர்: சகோதரர். பதிவுதாரர் காலமானார்.

பதிவு எண் 417. கொடுத்தது தொண்ணூறு. உட்கொண்டவர்: சகோதரர். செவ்வாய்க்கிழமைவரை ஐம்பத்தொன்பது. மீதி இருக்க வேண்டியது முப்பத்தொன்று. திரும்பியது முப்பது.

குறையும் ஒன்றுக்குக் காரணம் கேட்ட கட்டத்தை அவள் காலியாக விட்டாள்.