நல்லாத் தூங்குறாரு

நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற தமிழர் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், அவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சர்க்கரை, முழங்கால் வலி, மருமகளின் இடுப்புப் பிடிப்பு என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் தலையில் கொட்டுவார்கள். விக்னேஸ்வரிக்கு இது பழகிப்போயிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மூச்சுப் பிரிவில் பதினேழு வருடமாக இருந்தாள். டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. நோயாளிகளின் மூச்சை அளப்பதும், வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற மூச்சு மெஷினை டாக்டர் எழுதியபடி அமைத்துக் கொடுப்பதும்தான் அவள் வேலை. ஆனால் கோயிலில் பார்க்கிறவர்கள் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டாள். கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டும். மலேசியாவில் கிள்ளானில் எட்டு வருட அனுபவத்தோடு வந்தவளை, லைசென்ஸ் கொடுக்கிற இந்த ஊர்க் கவுன்சில் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மூன்று வருடம் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே படித்தாள். இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை கிடைத்தபோது மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்தில் நின்றபடியே அழுதாள். வருடா வருடம் அது புதுப்பித்து வரும்போது ஒரு நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுப்பாள். அவள் கணவன் பார்த்தீபன் கேலி செய்வான். கேலி செய்யட்டும், அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, எந்த ஊருக்குப் போனாலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

கவுன்சிலின் விதிகள் முப்பது பக்கம். அவளுக்குக் கீழே பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு அவள் இரண்டே வரியில் சொல்லிக்கொடுப்பாள். டாக்டர் சொல்லாமல் மெஷினில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே. மாற்றினால் அன்றைக்கே எழுதிவை.

ஆக்லாந்தின் ஓரத்தில் பிளாட் புஷ்ஷில் மகன் நவினோடு இருந்த மோகனதாஸ், மலேசியாவில் தைப்பிங்கில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் தளர்ந்துபோய், உள்ளே சேரும் கரியமில வாயுவை வெளியே தள்ளத் திராணி இல்லாமல் இருந்தார். இரவில் முகமூடி மாட்டிக்கொண்டு படுத்தால் மெஷின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளி அந்த வேலையைச் செய்யும். அழுத்தம் பதினெட்டு என்று டாக்டர் எழுதியிருந்தார். மனுஷருக்கு அது ஒத்துவரவில்லை. மூஞ்சியில் புயலடிக்கிறது என்று பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். இரண்டு வாரம் அவரும் தூங்கவில்லை, அவர் மனைவி ராஜம்மாவும் தூங்கவில்லை. கிளினிக்கில் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து.

ஒரு சனிக்கிழமை மதியம் ராஜம்மா போன் செய்தாள். டாக்டரைக் கூப்பிடச் சொல்லலாம், திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொல்லலாம், சொல்ல வேண்டியதும் அதுதான். ஆனால் இந்த ஊருக்கு வந்த புதிதில், காய்ச்சலில் கிடந்த விக்னேஸ்வரிக்கு ஒரு வாரம் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் ராஜம்மா. அப்படிப்பட்டவளிடம் கிளினிக் நம்பரைக் கொடுத்து, அங்கே கேளுங்கள் என்று சொல்ல நம்மவர்களில் யாருக்கு நாக்கு வரும்? போனாள். நவின் வெளியே போயிருந்தான். ராஜம்மா செய்த மீ கோரெங் நூடுல்ஸைச் சாப்பிட்டாள். பிறகு மோகனதாஸின் கட்டிலருகே உட்கார்ந்து, ஊழியர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணை அழுத்தி, பதினெட்டைப் பன்னிரண்டாகக் குறைத்தாள். இரண்டு நாளைக்குத்தான், திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் லீவு. செவ்வாய்க்கிழமை, எழுதிவைக்காமல் விட்டதை இப்போது எப்படி எழுதுவது என்று யோசித்தாள். யோசிக்க ஆரம்பித்தால் அவ்வளவுதான், பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதன்கிழமை ராஜம்மாவே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

"நீ கை வெச்ச நேரம்லா விக்கி. நல்லாத் தூங்குறாரு. பகல்லகூட தூங்குறாரு."

பகலில் தூங்குகிறார் என்றால் பயப்பட வேண்டும். கரியமில வாயு ரத்தத்தில் ஏற ஏற ஆள் சொக்கிப்போவார், பார்க்கிறவர்களுக்கு அது நிம்மதியான தூக்கம் போலவே இருக்கும். இதையும் அவள்தான் பயிற்சிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது உறைக்கவில்லை. சந்தோஷம்க்கா என்று சொல்லி போனை வைத்தாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். யாராவது நம்மை மெச்சும்போது படித்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

அழுத்தத்தைக் குறைத்த பதினோராம் நாள் காலையில் மோகனதாஸ் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்.

மெஷின் ஆஸ்பத்திரியின் சொத்து. திரும்பி வந்ததும் அதன் நினைவுச் சில்லைப் படித்துப் பார்ப்பது வழக்கம். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று அது பிசகாமல் ஒப்பித்தது. யார் மாற்றியது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. விஷயம் கவுன்சிலுக்குப் போனது. குடும்பத்தை விசாரித்தார்கள். ராஜம்மா கொஞ்சமும் தயங்காமல் தானே மாற்றியதாகச் சொல்லிவிட்டாள். மெஷினைக் கொடுத்த அன்று எந்த எண்ணை அழுத்தினார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தாளாம், ஞாபகம் இருந்ததாம், அவர் படும் பாடு பொறுக்காமல் குறைத்தாளாம்.

விக்னேஸ்வரிக்கு இது தெரிந்தது கவுன்சிலின் கடிதம் வந்த பிறகுதான். அந்த ரகசிய எண் தெரிந்த ஆறு ஊழியர்களுக்கும் ஒரே கடிதம். குடும்பத்தார் ஒப்புக்கொண்டிருப்பதால் இது சம்பிரதாயத்துக்கு மட்டும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கீழே இரண்டு கட்டங்கள். இந்த மாற்றத்தில் எனக்குப் பங்கு இல்லை. பங்கு உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் குறி போட்டு அனுப்ப வேண்டும்.

பார்த்தீபன் கடிதத்தைப் படித்துவிட்டு, முதல் கட்டத்தில் குறி போடு, அந்த அம்மாவே பெரிய மனசு பண்ணிக் காப்பாற்றியிருக்கிறாள், நீ போய் ஏன் கெடுக்கிறாய் என்றான். யூனியனில் கொடுத்த வக்கீல் அம்மாள் போனில் இன்னும் பதமாகப் பேசினாள். உண்மையைத்தான் எழுத வேண்டும் என்பதை ஒரு முறை சொன்னாள். உண்டு என்று எழுதினால் லைசென்ஸ் என்னவாகும் என்பதை மூன்று முறை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விக்னேஸ்வரி பிளாட் புஷ் போனாள். உள்ளதை ஒளிக்காமல் சொன்னால், நன்றி சொல்லத்தான் போனாள். குறி முதல் கட்டத்தில்தான் என்று காரை எடுக்கும்போதே முடிவாகியிருந்தது. ராஜம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னைய என்னா பண்ணிருவாங்க? எனக்கென்ன லைசென்ஸா இருக்கு புடுங்க? நீ பேசாம இரு. நான் கூப்புட்டுத்தானே வந்த."

அப்போது நவின் உள்ளே வந்தான். முப்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசாத பிள்ளை. அலமாரியை ஒரு சாவியால் திறந்தான். ராஜம்மாவின் சர்க்கரை மாத்திரை ஒன்றை எடுத்து, தண்ணீரோடு அவள் கையில் கொடுத்தான். அவள் விழுங்கும் வரை நின்று பார்த்தான். மறுபடி பூட்டினான். கூடத்தில் இருந்த மூன்று வயதுப் பேத்தி பாட்டியிடம் ஓடி வந்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது. அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். மெஷினில் கை வைத்தவளாம், அடுப்பின் பக்கம்கூட என்னை விடுவதில்லை என்று ராஜம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

தன் பழியைச் சுமக்க ஒருத்தி இருக்கிறாள் என்று காகிதத்தில் படிப்பது ஒன்று, அவள் சொந்த மகனிடம் மாத்திரைக்குக் கை நீட்டி நிற்பதைப் பார்ப்பது வேறு. வீட்டுக்கு வந்ததும் விக்னேஸ்வரி செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். பார்த்தீபன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

விசாரணை ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. மூன்று பேர், தண்ணீர்க் குவளைகள், மிக மரியாதையான குரல்கள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. டாக்டர் சொல்லாமல் மாற்றியது, எழுதிவைக்காதது, இரண்டையும் ஒப்புக்கொண்டாள். இவ்வளவுக்குக் கொஞ்ச காலம் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள், திரும்பக் கிடைத்துவிடும் என்று வக்கீல் கணக்குப் போட்டிருந்தாள். கடைசியில் அந்த மூவரில் வயதான பெண் கேட்டாள், இடைப்பட்ட நாட்களில் நோயாளியைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தகவல் வந்ததா என்று.

அந்தப் புதன்கிழமை போன் அவளுக்கும் ராஜம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இல்லை என்று சொன்னால் முடிந்தது. வக்கீல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் உண்மையைச் சொல்லவென்று கிளம்பி வந்தவள் பாதியில் இறங்கிக்கொள்வது எப்படி என்று விக்னேஸ்வரிக்குத் தெரியவில்லை. பகலிலும் தூங்குகிறார் என்று தனக்குச் சொல்லப்பட்டது, அது என்ன அறிகுறி என்று தனக்குத் தெரியும், தான் எதுவும் செய்யவில்லை என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். அறையில் பேனாக்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

லைசென்ஸ் ரத்து. இரண்டு வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம், அப்போதும் முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. தீர்ப்பை முழுதாகக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டார்கள், அவள் பெயரோடு. கோயிலில் டாக்டரம்மா என்று கூப்பிட்டவர்கள் இப்போது பிரசாதத் தட்டைப் பார்த்தபடி நகர்ந்துபோனார்கள். வலித்தது. ஆனால் பிளாட் புஷ்ஷில் அந்த அலமாரிப் பூட்டு போயிருக்கும், பாட்டியிடம் பேத்தி போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து பல் தேய்த்தாள், சமைத்தாள்.

தீர்ப்பு வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம். ராஜம்மா நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஏறி, இரண்டு ரயில் மாறி, தனியாக வந்திருக்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்தவள் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. விக்னேஸ்வரி, நவின் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். பூட்டையெல்லாம் எடுத்துவிட்டான், என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா என்று காலில்கூட விழுந்தான் என்றாள் ராஜம்மா. கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தீர்ப்ப நவின் எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டு வந்தான். ஒரு எடத்துல நிறுத்திட்டான். நான்தான் விடாம கேட்டேன். அது தூக்கம் இல்லன்னு எழுதியிருக்காங்களாமே விக்கி. அவங்க எழுதுறத எழுதட்டும். நீ சொல்லு, நான் நம்புறேன்."

இவ்வளவுக்குப் பிறகும் இவள் என்னைத்தான் கேட்கிறாள் என்று விக்னேஸ்வரி நினைத்தாள். தூக்கந்தான்க்கா என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. சொன்னால் நம்பிவிடுவாள், டீ குடிப்பாள், ரயில் ஏறிப் போவாள். லைசென்ஸ் இல்லாதவளின் பேச்சை எந்தக் கவுன்சிலும் பிடிக்கப்போவதில்லை. ஆனால் இந்தப் பெண்மணியைச் சந்தோஷப்படுத்தப் போய்த்தான் ஒரு முறை எல்லாம் நடந்தது.

"இல்லக்கா," என்றாள். "அது தூக்கம் இல்ல."

ராஜம்மா தலையை ஆட்டினாள். அழவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்ததை யாரோ இன்னொரு முறை சொன்னதுபோல உட்கார்ந்திருந்தாள். பிறகு விக்னேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவரு எந்திரிக்காமப் போனதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம மத்தியானம் சோறு போட்டு வெச்சிட்டு நவின் அவர எழுப்பப் போனான். நான்தான் கதவுல குறுக்க நின்னுக்கிட்டேன். பாவம்லா, ரெண்டு வாரம் கண்ணு மூடாத மனுசன், தூங்கட்டும் விடுன்னு சொன்னேன். சாயந்தரம் மறுபடியும் வந்தான். மறுபடியும் அனுப்பிட்டேன். இப்ப அவனுக்கு அது ஞாபகம் இருக்கு. எனக்கும் இருக்கு. ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசுறதே இல்ல."