பதினான்கு கிளிக்

அந்தக் காரை வடிவமைத்தவர்கள் என்றைக்காவது கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அண்ணன் நெடுநாளாகக் கறுவிக்கொண்டிருந்தான். அவன் மெக்கானிக். கார் அவன் தங்கையுடையது. பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தது. அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பின்பக்கத்து ஷாக் அப்சார்பரைத் தொடுவதென்றால் மட்டும் உயிர் போய் உயிர் வரும்.

இரண்டு ஷாக்கின் உச்சியிலும் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு குமிழ். அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் ஷாக் இறுகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் தளரும். ஒவ்வொரு படிக்கும் ‘கிளிக்’ என்று விரலுக்குத் தெரியும். மொத்தம் இருபது கிளிக். இடது குமிழை எப்படியோ எட்டிப் பார்த்துவிடலாம். வலதுபக்கத்துக்காரன் எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருப்பான். சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டினால்தான் முகம் காட்டுவான். கை நுழைந்துவிட்டாலோ கண்ணாடியில் கையைத் தவிர வேறொன்றும் தெரியாது. அம்பை முதலில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, பிறகு குத்துமதிப்பாகத் திருப்ப வேண்டும்.

இந்த வேலை இன்றைக்கு அவனுக்குக் கடைசி. கார் நாலு மணிக்குக் கைமாறுகிறது. வாங்குகிற எலும்பு டாக்டர் தடத்தின் வாசலில் இருந்த காபிக் கடையில் காலாட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் ஊருக்குள் ஓட்டப்போகிறவர். இரண்டு ஷாக்கையும் முழுக்கத் தளர்த்திக் கேட்டிருந்தார்.

தங்கை காரை விற்க ஒரே காரணம் அந்த இடது வளைவு. ஷெட்டில் நின்றாலே தெரியும், நீளமான வளைவு. மற்ற வளைவுகளில் எல்லாம் பறப்பாள். அதை நெருங்கினால் மட்டும் அவள் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழும்பிவிடும். வருடம் முழுக்க இதே கூத்து. “கார்ல ஒண்ணுமில்ல, டாக்டரம்மா. உனக்குத் தைரியம்தான் பத்தல. பேசாம வித்துடு” என்று சொன்னவன் சாட்சாத் அண்ணன்தான். பல் டாக்டரான தங்கை இரண்டு மாதம் யோசித்தாள். பிறகு விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றினான், மோதிரத்தைக் கழற்றினான், முழங்கை வரை சோப்பு நுரை பூசிக்கொண்டான். இடது குமிழ் பதினான்கு கிளிக்கில் தளர்ந்து நின்றது. வருட ஆரம்பத்தில் முழு இறுக்கத்திலிருந்து ஆறு கிளிக் தளர்த்தி வைத்தது அவன்தான், மிச்சம் பதினான்கு. கணக்கு கச்சிதம். வலது பக்கத்துக்கு அவனுடைய கண்ணாடியைக் காணோம். தங்கை தன் பையிலிருந்து பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நீட்டிப் பிடித்தாள். அவன் அம்பைப் பார்த்தான், கையை விட்டான், பல்லைக் கடித்தபடி திருப்பினான்.

“பன்னெண்டு... பதிமூணு... பதினாலு. நின்னுடுச்சு! எப்படி நம்ம கணக்கு?”

“பெரிய கணக்குப் புலிதான். கையைப் பாரு, தோல் உரிஞ்சிருக்கு” என்றாள் தங்கை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “இதைப் பாத்தா காலேஜ் ஞாபகம் வருது. முதல் ஒரு மாசம் நாங்க எல்லாரும் திண்டாடிப் போயிட்டோம். கண்ணாடியில எல்லாமே எதிர்ப்பக்கமாத்தானே தெரியும்? கருவியை இந்தப் பக்கம் திருப்பணும்னா அந்தப் பக்கம் திருப்புவோம். சரி, நான் போய் அவருக்குச் சாவி கொடுத்துட்டு வரேன்.”

அவள் போய்விட்டாள். அண்ணன் பேயறைந்தவன் போல நின்றான்.

எதிர்ப்பக்கமா? அப்படியானால் அம்பும்?

ஓடிப்போய்க் காரின் பின்புறத்தை இடது மூலையில் அமுக்கினான். மெத்தென்று இறங்கியது. வலது மூலையில் அமுக்கினான். அசைவேனா என்றது. தளர்த்துவதாக நினைத்து முழுக்க இறுக்கி வைத்திருக்கிறான். அப்படியென்றால் வருட ஆரம்பத்தில் இறுக்குவதாக நினைத்து முழுக்கத் தளர்த்தியிருக்கிறான்! அங்கிருந்து தளர்த்துவதாக நினைத்து ஆறு கிளிக் இறுக்கியிருக்கிறான். அதனால்தான் இன்றைக்கும் கணக்கு பதினான்கில் வந்து பல்லிளித்தது. இடது வளைவில் காரின் பாரம் முழுவதும் வலதுபக்கம்தான் சாயும். அந்தப் பக்கத்து ஷாக் தொளதொளவென்று கிடந்தால் எந்தச் சூரனும் காலை எடுக்கத்தான் செய்வான்.

யாருக்கும் தெரியாது. கமுக்கமாகச் சரிசெய்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். கார் போய்விடும், தன் பெயர் நிற்கும். அவள்தான் சாகும்வரை தன்னைத்தானே பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருப்பாள். எடுத்தான் ஓட்டம்.

காபிக் கடை வாசலில் அவளைப் பிடித்தான். சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“குடுக்காத! தப்பு என் மேல. வலது ஷாக்கை ஒரு வருஷமா நான் தலைகீழா வச்சிருக்கேன். அந்த வளைவுல பயந்தது நீ இல்ல, காரு.”

மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினான். தங்கை நேராக ஷெட்டுக்கு நடந்தாள். கண்ணாடியை அவன் கையில் திணித்து, “பிடி” என்றாள். அவளுடைய மெல்லிய கை தொட்டிக்குப் பின்னால் சுலபமாக நுழைந்தது. ஆறு கிளிக் தளர்த்தினாள். பத்து விநாடி ஆகியிருக்காது. இடது பக்கத்தை அண்ணன் பதினான்கு கிளிக் இறுக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

எலும்பு டாக்டரும் வேடிக்கை பார்க்க வந்து பக்கத்தில் நின்றார். முதல் இரண்டு சுற்று டயர் சூடாகட்டும் என்று நிதானமாகப் போனாள். மூன்றாவது சுற்றில் இடது வளைவு வந்தது. அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். இன்ஜின் சத்தம் இறங்கவில்லை. வளைவு பாதி தாண்டியும் இறங்கவில்லை. முழு வளைவும் ஒரே சீறல்! அவன் எலும்பு டாக்டரைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். அவர் சட்டை முழுக்கச் சோப்பு நுரை.

“அப்போ எனக்குக் கார் கிடையாது, அப்படித்தானே?” என்றார் அவர்.

“சந்தேகம்தான் சார்.”

தங்கை வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்திவிட்டு இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு, கண் மட்டும் நனைந்திருந்தது. எலும்பு டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள். “மன்னிச்சுக்குங்க டாக்டர். விக்கல.” பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“இந்த ஒரு வருஷமா அந்த வளைவைத் தாண்டுறப்ப எல்லாம் என்னை நானே என்னென்ன திட்டியிருக்கேன் தெரியுமா? கோழை, தொடைநடுங்கி, எதுக்கும் லாயக்கில்லாதவ... ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. எல்லாத்தையும் இப்ப உனக்குத் திருப்பித் தரப்போறேன். உக்காரு.”

அண்ணன் பக்கத்திலிருந்த டயர் மேல் சந்தோஷமாக உட்கார்ந்தான்.