நாற்பத்தோராவது அசோகு

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில், வாழைத்தோப்பின் கடைசியில் மோட்டார் கொட்டகையை ஒட்டி நின்ற அசோக மரத்துக்கு மாதத்தில் மூன்று நாள் தீட்டு. அடிமரத்தின் கிழக்குப் பக்கத் தழும்பிலிருந்து ரத்தம் கசியும், நான்காம் நாள் காலையில் நின்றுவிடும். தோப்பில் வேலை செய்தவர்கள் அந்த மூன்று நாளும் சோற்றுத்தூக்கை மரத்தடியில் வைக்கமாட்டார்கள். மற்றபடி யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த ரத்தம் ரெங்கம்மாளுடையது. தோப்பில் இலை அறுக்கிறவள். முப்பத்தைந்து வயதில் அவளுக்குப் பெரும்பாடு வந்தது. மாதத்தில் பதினெட்டு நாள் உதிரம் போய், ரத்த அளவு ஆறுக்கு இறங்கியதும் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னார்கள். அவளுடைய அக்கா அதே ஆபரேஷனுக்குப் போய்ப் பிணமாக, துணி சுற்றித்தான் திரும்பி வந்தாள். ரெங்கம்மாள் கத்திக்கு உடம்பைக் காட்டமாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை எடுத்து, காயத்தில் சாணி அப்பிவிட்டு, பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடித்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நின்றது, மரத்துக்குத் தொடங்கியது. ஒன்பது வருடம் அப்படியே போயிற்று. ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி டவுனிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு விரல் அகலம், அதுவும் முந்தைய காயம் மூடினால்தான் என்பது ரெங்கம்மாளின் சட்டம். மரம் ஒருத்தியையும் தள்ளவில்லை, அந்த மூன்று நாளில் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்தது.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பெலிண்டா, முசிறி, தொட்டியம், மருங்காபுரி என்று அலைந்து நாற்பது அசோக மரங்களில் பட்டை சேகரித்த பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். நாற்பதும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கூடக்குறைய இருந்தன. நாற்பத்தோராவதில் உதிரத்தைக் கட்டும் சத்து பதினோரு மடங்கு. மரபணுவிலும் அது தனி ஆள். அதன் விதையில் முளைத்த கன்றுகளைச் சோதித்தால் ஒன்றிலும் அந்தக் குணம் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு மரம், அதுவும் ஒரு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால். பெலிண்டா சந்தோஷத்தில் அழுதாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அவள் கெட்டவள் இல்லை.

ரெங்கம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எல்லாத்தையும் எழுதிக்கிங்க டீச்சர். ஊர் பேர மட்டும் போட்றாதீங்க."

போடமாட்டேன் என்று பெலிண்டா சிலுவை தொட்டுச் சொன்னாள். ஆனால் மாதிரி எடுத்த இடம் இல்லாத கட்டுரையை எந்தப் பத்திரிகையும் வாங்காது. ஆய்வு வழிகாட்டி ரெஜிஸ் சார் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை பெலிண்டா ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் அட்டவணையில், நாற்பத்தோராவது வரிசையில், ஊர் பேருக்குப் பதிலாக அட்சரேகையும் தீர்க்கரேகையும் போட்டாள், தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம். படித்தவர்களுக்கு மட்டும் இப்படியொரு வசதி உண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே காட்டிக்கொடுக்கலாம். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கட்டுரை வெளிவந்த பத்தொன்பதாம் நாள் ஒரு வேன் வந்தது. இறங்கியவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. கையில் போனைப் பிடித்துக்கொண்டு நேரே நடந்து, மரத்தின் முன்னால் நின்று, வேரிலிருந்து கவட்டை வரை சுற்றிலும் உரித்தார்கள். வெள்ளிக்கிழமை வாழையில் கத்தி வைக்கமாட்டார்கள் என்பதால் தோப்பில் ஆள் இல்லை. மரம் ஒன்பது நாளில் காய்ந்தது. பத்தாம் நாள், மரம் இத்தனை வருடம் வாங்கி வைத்திருந்தது முழுவதும் ரெங்கம்மாளுக்குத் திரும்பி வந்தது. மருந்து வாங்கிப்போன மற்ற பெண்களுக்கும் வந்தது, ஆனால் அவர்கள் வாங்கியது ஒரு விரல்தான்.

பெரியாஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். ஏறின வேகத்தில் இறங்கியது. பெலிண்டா போய்க் கட்டிலருகே நின்றாள்.

"ஊர் பேரு போடலதான டீச்சர்?"

"போடலக்கா. நம்பர்தான் போட்டேன்."

"அவனுங்களுக்கு அது போதுமா இருந்திருக்கு" என்றாள் ரெங்கம்மாள். அதில் கோபம் இல்லை, கோபப்படவும் ரத்தம் வேண்டும். மறுநாள் கர்ப்பப்பையை எடுக்கக் கொண்டுபோனார்கள். அவளும் அக்காவைப் போலவே திரும்பினாள்.

கட்டுரையை இதுவரை நூற்றுப்பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பெலிண்டாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்தக் கட்டுரையின் எந்தப் பிரதியாக இருந்தாலும், மாதத்தில் மூன்று நாள் முதல் அட்டவணையின் நாற்பத்தோராவது வரிசை கசிகிறது. நூலகத்தில் அதன் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறார்கள். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜாவித், அந்த நாட்களில் மட்டும் அதைப் பிரதி எடுக்க மறுத்து, நாலு நாள் கழித்து வாங்க என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறார். பெலிண்டா பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து வைத்திருக்கிறாள். நாள் வந்ததும் துண்டை நாலாக மடித்துக் கட்டுரைக்கு அடியில் வைக்கிறாள். சாயங்காலம் அலசி, மற்றத் துணிகளுக்குக் கீழே கொடியில் காயப்போடுகிறாள்.