சோப்பு போடாத பீக்கர்

"அம்மா, உடம்பெல்லாம் முள்ளா இருந்தா அது எப்படிக் கல்யாணம் பண்ணிக்கும்? கிட்டப் போனா குத்தாதா?"

ஆய்வகத் தொட்டியில் கிடந்த கடல் முள்ளெலிகளைப் பார்த்துவிட்டு ஆறு வயது மகள் ஒருநாள் கேட்டாள். கறுப்புப் பந்தில் ஊசிகளைச் செருகி வைத்தாற்போன்ற பிராணி. அங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தாள் அம்மா. எல்லோருக்கும் அவள் 'அக்கா'. அந்த முள்ளெலிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் மாணவிதான் பதில் சொன்னாள்.

"கிட்டயே போகாதுடா செல்லம். ஆணும் பொண்ணும் இருந்த இடத்துலயே இருந்து, உள்ள இருக்கறதத் தண்ணியில விட்டுட்டு, அதுபாட்டுக்குப் பாசி மேயப் போயிடும்."

"அப்ப அப்பா யாருன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"சண்டையே வராதா?"

"வராது."

"கொடுத்து வச்ச ஜென்மம்" என்றாள் அக்கா, தன் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு.

அந்த வாரமே அக்கா ஒரு பெரிய காரியம் செய்தாள். முட்டை வளர்க்கும் பீக்கர்களில் சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கும். அவற்றை வெறும் தண்ணீரில்தான் அலசவேண்டும். சோப்பு பட்டால் அதன் வாசனையிலேயே குஞ்சுகள் செத்துப்போகும். இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மங்கிக் கிடக்கின்றனவே என்று, முதல் மாத விசுவாசத்தில், அத்தனையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கி வைத்தாள். அந்த வருஷத்தின் கடைசி முட்டைகள் அவற்றில்தான் விழுந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை.

துறைத்தலைவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அவருடைய மீசையும் கூடவே குதித்தது.

"யார் பார்த்த வேலை இது?"

அக்கா பளபளக்கும் பீக்கர்களை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"நான்தான் சார். உப்புத்தண்ணி கலக்கறப்ப அளவு தப்பாயிடுச்சு" என்றாள், பீக்கர்களின் பளபளப்பைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்ட மாணவி.

அரைமணி நேரம் திட்டு. முள்ளெலிகள் மறுபடி முட்டை விட அடுத்த வருஷம் ஆகும். மாணவிக்கு ஒரு வருஷம் போயிற்று.

தாழ்வாரத்தில் அழுதுகொண்டு நின்ற அக்காவிடம், "எனக்குத் திட்டு பழகிப்போச்சுக்கா. உங்களுக்கு வேலை போறது பழகாது. மூக்கைத் துடைங்க" என்றாள் மாணவி.

அன்றிலிருந்து அக்காவின் பிரார்த்தனையில் ஒரு வரி கூடியது: 'கடவுளே, இந்தக் கடனை அடைக்க ஒரு வழி காட்டு. அதுக்காக அந்தப் பொண்ணுக்கு ஒரு கஷ்டத்தைக் கொடுத்துத் தொலைக்காதே.'

இரண்டாவது பாதி கடவுள் காதில் சரியாக விழவில்லை போலும். மறுவருஷம் முட்டை விடும் வேளை நெருங்கியபோது மாணவிக்கு நல்ல காய்ச்சல். தொட்டியில் மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி. மாத முடிவோடு அவளுடைய உதவித்தொகையும் முடிகிறது. இந்தக் குஞ்சுகள் பிழைத்தால் பட்டம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, போர்வையைப் போர்த்திக்கொண்டே வந்தாள்; துணைக்கு அக்காவும் வந்திருந்தாள். முட்டை இறங்கச் செய்யும் உப்புக் கரைசலை ஊசியால் இரண்டுக்கும் ஏற்றி, பெண் முள்ளெலியை பீக்கர்மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். மஞ்சள் மணலாக முட்டைகள் இறங்கின. ஆணிடமிருந்து பால்போல வந்ததை நீர்த்து, ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

"வாங்கக்கா, வந்து பாருங்க."

நுண்ணோக்கியில், ஒரு முட்டையைச் சுற்றி ஆயிரம் மாப்பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நுழைந்தான் போலும். ஒரு நிமிஷத்துக்குள் முட்டையைச் சுற்றி மெல்லிய சவ்வு எழும்பி நின்றது. மற்றவர்கள் வெளியே தலையை முட்டிக்கொண்டார்கள்.

"கதவைச் சாத்திட்டாளே! கெட்டிக்காரி."

"சாத்தலைன்னா ரெண்டாவது ஆளும் பூந்துடுவான். அப்புறம் குடும்பமே கந்தல்தான்."

முட்டைகளைப் பெரிய ஜாடிக்கு மாற்றி, கலக்கும் மோட்டாரைப் போட்டாள். முட்டைகள் அடியில் படிந்து ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கவேண்டும்.

"மோட்டார் பார்த்துக்கும். நீங்க வீட்டுக்குப் போங்கக்கா."

"நீங்க போய்ப் படுங்க டாக்டரம்மா."

ஒன்பது மணிக்கு அக்கா வீட்டில் மின்விசிறி நின்றது. எட்டிப் பார்த்தாள். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. ஆய்வகமும் இதே லைனில்தான். மாணவிக்குச் சொல்லலாமா? சொன்னால் அந்தக் காய்ச்சலோடு எழுந்து வந்துவிடுவாள்.

"எங்கம்மா போற?"

"மறந்துவச்ச சாவியை எடுக்க" என்று, இடுப்பில் சாவி குலுங்கக் குலுங்கப் பொய் சொல்லிவிட்டு, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள்.

ஆய்வகத்தில் மோட்டார் மூச்சுப் பேச்சில்லாமல் இருந்தது. ஜாடியின் அடியில் மஞ்சள் படிய ஆரம்பித்திருந்தது. சிவப்புப் பட்டை ஒட்டிய கண்ணாடிக்கோலை எடுத்து, தூங்கும் குழந்தைக்கு விசிறுவதுபோல மெதுவாகக் கலக்கினாள். வலதுகை ஓய்ந்தால் இடதுகை. இடதுகை ஓய்ந்தால், துறைத்தலைவரின் மீசையை நினைத்துக்கொண்டாள். மறுபடி வலதுகைக்குத் தெம்பு வந்தது.

பதினொன்று. பன்னிரண்டு. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. "டேய் பசங்களா, உங்களைப் பெத்தவங்க பாசி தின்னப் போயிட்டாங்க. நான்தான் கிடந்து மாரடிக்கிறேன்" என்றாள்.

ஒரு மணிக்கு மேல் மனசு கேட்கவில்லை. ஒரு சொட்டை எடுத்து, கரண்ட் வேண்டாத, அடியில் கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். காலையில் ஒன்றாக இருந்தது இரண்டாகி, நான்காகி, எண்ணமுடியாமல் திரண்டு ஒரு பந்தாகியிருந்தது. சாத்திய கதவுக்குள்ளே அந்தப் பந்து தானாகவே மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ஓடிவந்து மறுபடி கோலைப் பிடித்தாள். கண் கலங்கியது; கண்ணீர் ஜாடியில் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டரைக்கு மோட்டார் ஒருமுறை கனைத்துவிட்டுச் சுற்றத் தொடங்கியது.

கோலை வெறும் தண்ணீரில் மூன்று தடவை அலசி, இருந்த இடத்திலேயே வைத்தாள். நாற்காலியைப் பழையபடி தள்ளினாள். நாளைக்குத் துறைத்தலைவர் வந்து, தாம் வாங்கிப்போட்ட மோட்டாரைத் தட்டிக்கொடுப்பார். கொடுக்கட்டும்.

கதவருகில் நின்று மேலே பார்த்தாள்.

"நீயும் பார்க்கலைன்னே வச்சுக்குவோம்" என்று கடவுளிடம் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் பூட்டினாள்.